நான் துடைத்த பொட்டு

போன மாதம், சினிமா உடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் நாலு பேர் ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்தீர்கள். காபியை ஆற்றிக்கூட முடிக்கவில்லை. அதற்குள் ஒரு பெண், "மேடம், உங்களுக்கு இந்தப் பேஷன் எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். உடுப்பு ஃபேஷனைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, எங்கள் பக்கத்து நைட்டியில் ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசிவிட்டேன். அவள் கேட்டது ஆர்வத்தை என்று பிறகுதான் புரிந்தது. தமிழில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் மிச்சம்.

கேள்வி தப்பில்லை. ஆனால் பதிலையும் கையோடு கொண்டு வந்திருந்தீர்கள். நான் சின்ன வயதில் பொம்மைக்குச் சட்டை தைத்திருக்க வேண்டும், அம்மாவின் தையல் மிஷின் சத்தத்தில் தூங்கியிருக்க வேண்டும், ஆண்டாள் கோவில் தேரைப் பார்த்து நிறங்களைக் கற்றிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தையல் மிஷினே கிடையாது. எனக்கு இன்றைக்கும் ஒரு ஓட்டுத் தையல் நேராகப் போட வராது. சினிமாவுக்கு உடை கொடுக்கும் ஆசை எனக்கு வந்தது ஒரு தப்பான புரிதலில். அதே தப்பை ஐம்பது வயதுக்கு மேல் மறுபடியும் செய்தேன். முதல் தடவை ஒரு தியேட்டரே என்னைத் திட்டியது. இரண்டாவது தடவை ஒரு குடும்பம் செத்துப் பிழைத்தது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். காபியோடு சொல்கிற விஷயம் இல்லை என்பதால் அன்றைக்குச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு சர்ச்சுக்குப் போகிற வீடு. சினிமா பார்ப்பது பாவம் என்பது அப்பாவின் கட்சி. பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்காவுக்கு வாரம் ஒரு படம் பார்க்காவிட்டால் தலைவலி வந்துவிடும். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னை எப்போதும் 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார், சின்னப் பெண்ணே என்று அர்த்தம். மிளகாய் வற்றல் வாங்கத் துணைக்கு ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி, என்னை மேட்னிக்குக் கூட்டிப்போனார்.

படம் பாதி ஓடியதும் கதாநாயகி மாடிப்படியில் இறங்கி வந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, பூ இல்லாத தலை. வசனம் எதுவும் இல்லை. ஆனால் தரை டிக்கெட்டில் தொடங்கிப் பின்வரிசை வரைக்கும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நற்கருணை ஞாயிறு அன்று என் அம்மாவும் அப்படித்தானே கிளம்புவாள்! எங்கள் சபையில் அன்றைக்கு எல்லாப் பெண்களும் வெள்ளைதான். பொட்டும் பூவும் எங்களுக்கு எந்த நாளிலும் கிடையாது. திரையில் நமக்குத் தெரிந்த ஒன்று வந்துவிட்ட சந்தோஷத்தில், "ஐ, சர்ச்சுக்குப் போறா!" என்று கத்திவிட்டேன்.

முன்னால் இருந்த ஒரு ஆள் திரும்பினார். "யாருட்டி அது? அவ புருஷன் செத்துக் கெடக்கான், சர்ச்சுக்குப் போறாளாம்ல!"

சுப்பம்மா அக்கா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றிப்போய் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது நான் கேட்டேன்: "யக்கா, அவ புருஷன் செத்தத யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லலையே."

"யாரு சொல்லணும் அம்மாயி? அதான் சேலை சொல்லுதே."

பிள்ளைகளா, எனக்கு வந்த பேஷன் இதுதான். ஒரே வெள்ளைச் சேலை. என் அம்மா கட்டினால் ஆண்டவரைப் பார்க்கப் போகிறாள். அந்தப் படியில் இறங்கியவள் கட்டினால் புருஷன் போய்விட்டான். சேலை பேசுகிறது, அதுவும் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறது என்பது தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் வைத்து, "ஏம்மா, அப்பாதான் நல்லாருக்காகளே, நீங்க எதுக்கு வெள்ளை கட்டியிருக்கிய?" என்று கேட்டேன். பைபிள் பிடித்திருந்த கையாலேயே அம்மா ஒன்று வைத்தாள்.

இன்னொரு கேள்விக்கு ராஜபாளையத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தச் சேலையை அவளுக்குக் கொடுத்தது யார்? சுப்பம்மா அக்கா, "அவ பெட்டியில இருந்திருக்கும்" என்றார். வாத்தியார், "ஹோம்வொர்க் பண்ணியா?" என்றார். படம் தொடங்கும்போது ஓடுகிற எழுத்தில் அந்த ஆளின் பெயர் வரும் என்று யாரோ சொன்னார்கள். சுப்பம்மா அக்காவோ ஒரு படத்துக்கும் நேரத்துக்குப் போனது கிடையாது. புறப்படுகிற நேரத்தில்தான் அவருக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வரும். இரண்டு வருஷம் பெயர் எழுத்தே பார்க்காமல் படம் பார்த்தேன். கடைசியில் ஒருநாள், நான் அழுத அழுகைக்குப் பயந்து, சீக்கிரமாகக் கூட்டிப்போனார். 'உடைகள்' என்று ஒரு வரி வந்தது. பக்கத்தில் ஒரு பெயர். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் போய்விட்டது. அந்த அவசரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு தியேட்டர் முழுவதையும் வசனமில்லாமல் அழவைத்த ஆளுக்கு ஒரு மூச்சு நேரம்கூடக் கொடுக்கவில்லை. அந்த வேலைக்குத்தான் போவேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பிறகு சென்னைக்குப் போனது, அசிஸ்டெண்டாக இருந்தது, சட்டைக் காலரை டீத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கியது எல்லாம் உங்களுக்கும் நடக்கிறதுதான். அதை எழுதி என் நேரத்தையும் உங்கள் நேரத்தையும் கெடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்த பிறகு எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. துணி எப்படிப் பேசும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற திமிர். அந்தத் திமிரோடுதான் நான் கடைசியாக வேலை பார்த்த படத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன்.

சர்ச் காட்சி. நற்கருணை ஞாயிறு. நாற்பது பெண்கள் வெள்ளைச் சேலையில் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும், கதாநாயகி பின்னால் நின்று பார்ப்பாள். சபைப் பெண்களையே உட்காரவைத்தால் தீர்ந்தது. ஆனால் அந்த வாரம் அவர்களுக்கு வெளியூரில் கன்வென்ஷன். படப்பிடிப்புத் தேதியை முடிவு செய்தவர்கள் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் நம் தொழிலில் என்றைக்கு இருந்தது? உள்ளூர் ஏஜெண்ட் ஒருவன் சுந்தரபாண்டியம், மகாராஜபுரம் ஊர்ப் பக்கத்தில் இருந்து நாற்பது பெண்களை இரண்டு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். எல்லோரும் விவசாயக் குடும்பம். எல்லோர் நெற்றியிலும் குங்குமம். தலையில், சினிமாவுக்குப் போகிறோம் என்று, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மல்லிகை.

வெள்ளைச் சேலைக் கட்டைப் பிரித்ததும் அவர்கள் முகம் மாறியது. ஒரு பெரிய பெண்மணி முன்னால் வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. நாங்க எதுக்குத்தா வெள்ளை கட்டணும்?"

எல்லோரும் அப்படியே நகர்ந்து வேனுக்கு அருகில் போய் நின்றுவிட்டார்கள். டைரக்டர் தலையில் கை வைத்தார். மேனேஜர் ஏஜெண்டைத் திட்டினார், ஏஜெண்ட் என் அசிஸ்டெண்டைத் திட்டினான். எனக்கோ பெருமை. நம்ம ஊர், நம்ம பேச்சு, நான் சொன்னால் கேட்பார்கள் என்று போனேன்.

"ஏட்டி, எங்கம்மா அறுபது வருஷம் வெள்ளை கட்டிக் கோயிலுக்குப் போனாவ. எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் கெதியாத்தான் இருந்தாரு. வெள்ளை கட்டுனா ஆயுசு கெட்டியாகும்னு வச்சுக்கோங்களேன்!"

சிரித்தார்கள். அந்தப் பெரிய பெண்மணியும் சிரித்துவிட்டார். ஒருத்தி கட்டினாள், பிறகு எல்லோரும் கட்டினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சர்ச் காட்சியில் பொட்டு இருக்கக் கூடாது, பூ இருக்கக் கூடாது. பூவை எடுத்து ஒரு வாளியில் போடச் சொன்னேன். பொட்டை நானே பஞ்சால் துடைத்துக்கொண்டே வரிசையில் வந்தேன். கடைசியில் மகேஸ்வரி நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். மகாராஜபுரம். புருஷன் ராணுவத்தில்.

"யக்கா, எனக்கு மட்டும் பொட்ட விட்டுருங்களேன். பின்னால போய் உக்காந்துக்கிடுதேன்."

"கேமராவுல தெரியும்மா. இது வெறும் காஸ்ட்யூம்தான, செத்த நேரத்துல கழுவிட்டு வச்சுக்கிடலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். துடைத்தேன். 'வெறும் காஸ்ட்யூம்' என்று என் வாயால் சொன்னேன், பிள்ளைகளா. ஒன்பது வயதில் தியேட்டரில் இருந்து நான் கற்றுக்கொண்டு வந்தது அது ஒருபோதும் வெறும் காஸ்ட்யூம் இல்லை என்பதைத்தான். எனக்கு அந்த வெள்ளை அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை. அதனால் அவளுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். அவள் கெஞ்சியதைக் காதில் வாங்கினேன், ஆனால் என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

பதினோரு மணிக்குள் பெண்கள் உட்கார்ந்திருக்கிற ஷாட் முடிந்தது, கதாநாயகி நிற்பது மதியத்துக்கு. இடைவேளை விட்டார்கள். வந்தவர்களில் ஒருத்தி போனில் படம் எடுத்துத் தன் தங்கைக்கு அனுப்பியிருக்கிறாள். சர்ச் படியில் மகேஸ்வரி உட்கார்ந்து, வெயில் கூசிய கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கிற படம். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. 'நாங்கள் சினிமாவில் நடிக்கிறோம்' என்று எழுதத்தான் எத்தனை நேரம் ஆகும்? அந்தப் படம் கை மாறி, வாட்ஸ்அப் குழு மாறி, மகாராஜபுரத்தில் மகேஸ்வரியின் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. மகேஸ்வரி சினிமாவுக்கு வருவதாக மாமியாரிடம் சொல்லவில்லை. ஆண்டாள் கோவிலுக்குப் போய்வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். புருஷனோ எல்லைப் பக்கம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டு மூன்று நாளாகப் போனில் கிடைக்கவில்லை.

அந்த வீட்டில் இருந்து பாருங்கள். மகன் போன் எடுக்கவில்லை. கோவிலுக்குப் போன மருமகள் ஏதோ படியில் வெள்ளைச் சேலையோடு, பொட்டில்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யார் சொல்ல வேண்டும்? அதுதான் சேலை சொல்லிவிட்டதே.

மகேஸ்வரியின் போன் அடித்தது. அவள் கொழுந்தன். பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"மைனி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? எப்ப சொன்னாங்க?"

"அண்ணனுக்கா? என்ன சொல்லுத? அத்தை ஏன் அழுதாவ? அவியளுக்கு என்ன ஆச்சு?"

"ஒங்களுக்குத்தான தகவல் வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் வரலையே! ஒங்களுக்கு வந்துச்சா?"

அவன், இவளுக்குத் தகவல் தெரியும் என்று நினைக்கிறான். இவள், அங்கே தகவல் வந்துவிட்டது என்று நினைக்கிறாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் சேர்ந்து உயிரோடு இருக்கிற ஒரு ஆளைச் சாகடித்துக்கொண்டிருந்தார்கள். மகேஸ்வரி போனைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எடுத்து, "தம்பி, இது ஷூட்டிங், சினிமா ஷூட்டிங்" என்று கத்தினேன். அங்கே இருந்த சத்தத்தில் அவனுக்கு என்ன கேட்டதோ, வைத்துவிட்டான். திரும்பத் திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை.

நேரில் கொண்டுபோய் விடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் வெள்ளைச் சேலையோடு அவளைக் காரில் இருந்து இறக்கினால் அந்தத் தாய்க்கு என்ன ஆகும்? அவளுடைய சொந்தச் சேலை எங்கே என்று கேட்டேன். என் அசிஸ்டெண்ட், எல்லோருடைய துணியையும் நம்பர் போட்டு மூட்டை கட்டி, அடுத்த லொக்கேஷனுக்குப் போகிற வேனில் ஏற்றிவிட்டதாகப் பெருமையோடு சொன்னான். அந்த நம்பர் முறையைக் கண்டுபிடித்ததே நான்தான். அவனைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

காஸ்ட்யூம் அறையில் வெள்ளை அல்லாத சேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கதாநாயகியின் சேலை. மாம்பழ நிறப் பட்டு, அரக்குக் கரை. அதைக் கட்டி வருகிற காட்சியில் பாதி ஏற்கெனவே எடுத்தாயிற்று, மீதியையும் அதே சேலையில் மதியம் எடுக்க வேண்டும். அதுபோல இன்னொன்று கிடையாது. எடுத்தேன்.

"யக்கா, அது கன்டினியூட்டி!" என்றான் அசிஸ்டெண்ட்.

"தெரியும்லே. எழுதி வச்சதே நான்தான்."

மேனேஜர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "மேடம், ஹீரோயின் வந்துட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, போதும்" என்றார். வீடியோவில் அவள் எந்தச் சேலையில் இருப்பாள் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. கதவைச் சாத்தினேன்.

சேலையை மகேஸ்வரிக்குக் கட்டிவிட்டேன். கைகால் அசைக்காமல் நின்றாள். பொட்டு வைக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. அவருக்கு என்னமோ ஆயிருச்சு. நீங்கதான் தொடச்சிய. அப்பமே எனக்குத் தெரியும்."

எத்தனையோ டைரக்டர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நடிகைகள் சேலையை முகத்தில் வீசியிருக்கிறார்கள். எதுவும் எனக்கு உறைத்ததில்லை. இந்த ஒரு சொல் உறைத்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். 'அப்படியெல்லாம் இல்லைம்மா' என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று எனக்கும்தான் தெரியாதே? "நான்தான் தொடச்சேன், நானே வைக்கேன்" என்று மட்டும் சொன்னேன். மேக்கப் பெட்டியில் இருந்து குங்குமம் எடுத்து, அவள் கையை விலக்கிவிட்டு வைத்தேன்.

கார் மடவார் வளாகம் தாண்டும்போது ஒரு பூக்காரம்மாவைப் பார்த்தேன். நிறுத்தச் சொன்னேன். "யம்மா, அங்க எழவு விழுந்துருக்குங்கீங்க, பூ வாங்க நிப்பாட்டச் சொல்லுதீங்களே!" என்று டிரைவர் கத்தினார். எனக்கும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க மனசில்லைதான். ஆனால் பட்டும் பொட்டும் இருந்து தலை வெறுமையாக இருந்தால், அவசரத்தில் யாரோ கட்டிவிட்டது போலத் தெரியும். தூரத்தில் நின்று பார்க்கிற ஆளுக்கு ஒரு சந்தேகமும் வரக் கூடாது. மல்லிகைச் சரத்தை வாங்கி வழியிலேயே வைத்துவிட்டேன். முக்கால் மணி நேரமும் மகேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். புருஷன் நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தாள். கிடைக்கவில்லை.

தெருவில் கூட்டம். வாசலில் நாற்காலிகள்கூடப் போட்டாயிற்று. நம் ஜனங்களுக்கு இதற்கு மட்டும் எவ்வளவு வேகம்! பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் மாமியார், அவிழ்ந்த தலையோடு.

கார்க் கதவைத் திறந்தேன். மகேஸ்வரி இறங்கினாள்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகை முன்வரிசையில் முதலில் நின்றது, பிறகு பின்னால் நின்றது. மாமியார் எழுந்து வந்தார். சேலைக் கரையைத் தொட்டார். பூவைத் தொட்டார். கட்டைவிரலை மருமகள் நெற்றியில் வைத்து எடுத்து, அதில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்தார். பிறகு ஓங்கி ஒரு அறை விட்டார்.

"ஏட்டி, எங்கட்டி போன? என் வயித்துல நெருப்பக் கொட்டிட்டியேட்டி!"

அடித்த கையாலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "அப்பம் ராணுவத்துல இருந்து தகவல் வந்துச்சுன்னு யாரு சொன்னா?" யாரும் சொல்லவில்லை. "பொறவு எதுக்குய்யா சேர் எடுத்துட்டு வந்திய?" என்று அவர் எரிந்து விழுந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

மருமகளைத் தெருவிலேயே நிறுத்தி ஆரத்தி எடுத்துத்தான் உள்ளே விடுவேன் என்றார் மாமியார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். அவர் சுற்றிய வேகத்தில் தட்டு சாய்ந்தது. கதாநாயகியின் சேலைக் கொசுவத்தில், சரியாகக் கேமரா பார்க்கும் இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆளு நல்லாருக்கான்னு இன்னும் நமக்குத் தெரியாது" என்றார் மாமியார். "அவன் கொரலக் கேக்குற வரைக்கும் இந்தச் சேலைய அவுக்கப்படாது. யம்மா, நீங்களும் போவாதிய."

நான் போகவில்லை. மேனேஜர் போனில் கத்தினார், டைரக்டர் கத்தினார், கதாநாயகியின் அம்மாகூடக் கத்தினார். கடைசியில் போனை அணைத்து வைத்தேன். மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். மாமியார் அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார், விடவேயில்லை. அந்த வீட்டுக்கு அன்றைக்கு என்ன ஆகுமோ அதில் எனக்கும் பங்கு உண்டு என்று உட்கார்ந்திருந்தேன்.

நாலரை மணிக்குப் போன் வந்தது. கொழுந்தன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ, யம்மா. இங்கன டவர் இல்ல, இப்பந்தான் கீழ எறங்குனோம். என்னம்மா, இத்தன மிஸ்டு கால்? என்ன ஆச்சு?"

மகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"ஒண்ணுமில்லய்யா. ஒம்பொண்டாட்டி இன்னைக்குப் பட்டு கட்டியிருக்கா, நல்லாருக்கு. அதச் சொல்லலாம்னுதான்."

"இதுக்கா இத்தன தடவை அடிச்சிய?" என்று அவன் சலித்துக்கொண்டான். அவன் சலித்துக்கொண்டதைக் கேட்டுத்தான் அந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நானும்.

நான் வெறுங்கையோடு திரும்பினேன். பட்டைக் கேட்கவில்லை. மறுநாள் காலை மேனேஜர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். இந்தப் படத்தில் இனி எனக்கு வேலை இல்லை என்பது ஒன்று. அது நியாயம், நான் சண்டை போடவில்லை. படப்பிடிப்பை நிறுத்தினவளுக்கு மாலையா போடுவார்கள்? வயதாகி ஓய்வு பெற்றேன் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொய். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இரண்டாவதாக, அந்தச் சேலையில் பட்டதாக நான் சொன்ன கறை போகுமா என்று கேட்டார். போகுமென்றால் ஆள் அனுப்பி வாங்கி, மீதிக் காட்சியை எடுத்துவிடலாம். போகாதென்றால் வேறு சேலையில் முதலில் இருந்து எடுக்க வேண்டும், கறைப்பட்டது கம்பெனிக்குத் தேவையில்லை.

முப்பது வருஷத்தில் ஒரு கறையைப் பார்த்துப் போகாது என்று நான் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "போகாது சார். ஆரத்தித் தண்ணி, சாயம் மாதிரி ஏறிக்கிடும்." நம்பிவிட்டார்.

அது மஞ்சளும் சுண்ணாம்பும். இரண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டால் சிவப்பு திரும்ப மஞ்சளாகிவிடும். மாம்பழ நிறச் சேலையில் மஞ்சள் எங்கே தெரியப் போகிறது? இது உங்களில் நேற்று வேலைக்கு வந்தவருக்குக்கூடத் தெரியும். மேனேஜருக்குத் தெரியவில்லை. மகேஸ்வரியின் மாமியாருக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.